பாரசீகச் செருப்பும் அழுத்தினால் சுழலும் ஆஷ்ட்ரேயும்

பதினோரு வருஷம் எங்க வீட்டு பால்கனியில் ஒரு தேக்குத் தட்டு இருந்தது. ஒரு முழம் நீளம், ஒரு சாண் அகலம். அதன் மேல் ஒரு லைட்டர், கிராம்பு போட்ட சின்ன டப்பா, கை துடைக்கிற துணி, ஒரு பாக்கெட், அப்புறம் ஒரு எவர்சில்வர் ஆஷ்ட்ரே. இந்த ஆஷ்ட்ரே சாதாரணமானது இல்லை. நடுவில் ஒரு குமிழ் இருக்கும். அதை அழுத்தினால் மேல்தட்டு கிர்ருனு சுழன்று சாம்பலும் துண்டும் உள்ளே போய் விழும், மேல்தட்டு திரும்ப வந்து மூடிக்கும். பார்த்தால் ஒருத்தரும் பயன்படுத்தாத பாத்திரம் மாதிரி பளபளன்னு நிற்கும். ராத்திரி எட்டரைக்கு மேல் ஆபீஸ் போன்கால் எல்லாம் முடிந்ததும் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். முடிந்ததும் கிராம்பு, கை கழுவல், தட்டைத் துடைத்து ஓரமாக வைத்தல். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் நிறைய பேருக்கு நான் சிகரெட் பிடிப்பேன் என்பதே தெரியாது. அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது, மறைக்க வேண்டாம்.

அந்தத் தட்டைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அதற்கு ஷெர்லக் ஹோம்ஸ் வழியாகத்தான் போக முடியும். போன வருஷம் ஹோம்ஸ் கதைகளை மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஸ்கூலில் படித்தபோது துப்பறிதலைப் பார்த்தேன். இந்தத் தடவை என் கண் முழுக்கப் புகையிலை மேலேயே போனது. (நிறுத்தினவனுக்கு அப்படித்தான் போகும்.)

ஹோம்ஸ் வீட்டுப் புகையிலை ஏற்பாட்டை வாட்சன் வரிசையாகச் சொல்வது 1893ல் வந்த 'மஸ்கிரேவ் ரிச்சுவல்' கதையின் தொடக்கத்தில். சுருட்டுகள் நிலக்கரித் தொட்டியில். புகையிலை ஒரு பாரசீகச் செருப்பின் மூக்குக்குள். பதில் எழுத வேண்டிய கடிதங்கள் கணப்புக்கு மேலே இருக்கிற மரச்சட்டத்தில் கத்தியால் குத்தி வைத்தபடி. யோசனையில் இவ்வளவு ஒழுங்கான, உடையில் இவ்வளவு கச்சிதமான மனிதன் வீட்டில் இப்படியா என்று வாட்சனுக்கு அலுப்பு. 'இன்ஜினியர்ஸ் தம்' கதையில் இன்னும் ஒரு படி மேலே: முந்தின நாள் குடித்த பைப்களில் மிச்சமான அரைகுறைப் புகையிலைத் துணுக்குகளைச் சேகரித்து, கணப்புச் சட்டத்தின் மூலையில் காய வைத்து, காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் அதைப் போட்டுப் பிடிக்கிறார் மனுஷன்.

இதைப் படித்ததும் எனக்கு எங்க தாத்தா ஞாபகம் வந்தது. லால்குடி பக்கம் ஒரு கிராமம். உறையூர்ச் சுருட்டுதான் பிடிப்பார். ஒரே மூச்சில் முழுச் சுருட்டையும் முடிக்க மாட்டார். பாதியில் அணைத்துத் திண்ணைக்கு மேலே இறவாணத்தில் செருகி வைப்பார். சாயங்காலம் மறுபடி உருவி எடுப்பார். காலையில் வாசல் தெளிக்கிறப்ப அப்பாயி அண்ணாந்து பார்த்து, "நேத்து ரெண்டு துண்டு இருந்துச்சு, இன்னிக்கு நாலாயிருச்சே" என்று சத்தமாகச் சொல்லும். தாத்தா வாய் திறக்க மாட்டார். என்ன திறக்கிறது, கணக்கு கூரையிலேயே தொங்குதே.

சரி, விஷயத்துக்கு வருவோம். கானன் டாயில் எழுதின இந்த அலங்கோலத்தை எல்லாரும் 'மேதையின் கிறுக்கு' என்று சொல்லித் தாண்டிப் போய்விடுகிறார்கள். பாத்திரத்துக்கு நிறம் கூட்டுகிற வேலை என்பார்கள். எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை. இந்தக் கதைகளில் சாம்பலுக்கு ஒரு நிலையான வேலை இருக்கிறது. நான் பார்க்கிற தொழிலின் பாஷையில் சொன்னால், சாம்பல்தான் லாக் ஃபைல். ஒரு சர்வரில் என்ன நடந்தது என்று யாரையும் கேட்க வேண்டாம், லாக்கைத் திறந்தால் போதும். ஹோம்ஸ் ஒரு அறைக்குள் நுழைந்ததும் செய்வது அதைத்தான்.

முதல் நாவலான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' (1887) நம்ம ஊருக்கே ஒரு சலாம் போடுகிறது. பிணம் கிடக்கிற வீட்டின் தரையிலிருந்து கொஞ்சம் சாம்பலைக் கூட்டி உறைக்குள் போட்டுக்கொள்கிற ஹோம்ஸ், கொலையாளி பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று சொல்கிறார். கறுப்பாக, செதில் செதிலாக இருக்கிற சாம்பல் அதற்குத்தான் உண்டாம். அடுத்த நாவலான 'தி சைன் ஆஃப் ஃபோர்' (1890) இதை இன்னும் விரிக்கிறது. 140 வகைப் புகையிலைச் சாம்பலைப் பற்றி ஒரு ஆய்வு நூலே எழுதியிருப்பதாக ஹோம்ஸ் சொல்கிறார். திருச்சிச் சாம்பலின் கறுப்பு அங்கேயும் வருகிறது. கூடவே 'லங்கா' என்று இன்னொரு இந்தியச் சுருட்டும் வருகிறது. அது நம்ம இலங்கை இல்லை. கோதாவரி ஆற்றுத் திட்டுகளுக்குத் தெலுங்கில் 'லங்க' என்று பெயர், அந்த மண்ணில் விளைந்த புகையிலை.

திருச்சிக்காரர்கள் இந்த இரண்டு இடங்களையும் பெருமையாகச் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் கதையாகப் பார்த்தால் முதலாவது ஒரு வீணான தடயம். ஜெஃபர்சன் ஹோப் அமெரிக்காவின் மேற்கிலிருந்து வந்தவன், லண்டனில் குதிரை வண்டி ஓட்டுகிறான். அவன் ஏன் திருச்சிச் சுருட்டு பிடிக்கிறான் என்பதற்கு நாவலில் ஒரு வரி விளக்கம் கிடையாது. ஆளைப் பிடிக்கவும் அது உதவவில்லை. லண்டன் கடைகளில் அந்தச் சுருட்டு கிடைத்தது, பெயர் காதுக்கு நீளமாக, தூரமாக இருந்தது, டாயிலுக்கு அவ்வளவு போதும். திண்டுக்கல் பக்கத்துப் புகையிலையை உறையூரில் யாரோ உட்கார்ந்து கையால் உருட்டினார்கள் என்பதெல்லாம் அந்தச் சாம்பலில் தெரியாது. 140 வகையை வெறும் கண்ணால் பிரிப்பதும் நடக்கிற காரியமாகத் தோன்றவில்லை. சாம்பலின் நிறம் இலையில் இருக்கிற கால்சியம், மக்னீசியம் மாதிரித் தாதுக்களைப் பொறுத்தது, எவ்வளவு நன்றாக எரிந்தது என்பதையும் பொறுத்தது. ஒரே தோட்டத்து இலை இரண்டு விதமாகச் சாம்பலாகலாம்.

டாயில் போகப் போகத் தேறுகிறார். 'ரெசிடெண்ட் பேஷண்ட்' (1893) கதையில் ஒருவர் தூக்கில் தொங்குகிறார், போலீஸ் தற்கொலை என்கிறது. ஹோம்ஸ் கணப்பிலிருந்து நான்கு சுருட்டுத் துண்டுகளைப் பொறுக்கி எடுக்கிறார். செத்தவர் வைத்திருந்தது ஹவானா. இவை டச்சுக்காரர்கள் தங்கள் கிழக்கிந்தியக் குடியேற்றங்களிலிருந்து கொண்டு வருகிற ரகம். இரண்டு துண்டு ஹோல்டர் வைத்துப் பிடித்தது, இரண்டு இல்லாமல் பிடித்தது. ஆக அறையில் வேறு ஆட்கள் இருந்திருக்கிறார்கள், அதுவும் சாவகாசமாகப் பிடிக்கிற அளவுக்கு நேரம் இருந்திருக்கிறார்கள். கணப்பை யாராவது முன்னாடியே கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தால் கேஸ் தற்கொலையாகவே முடிந்திருக்கும்.

இந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்தது 1904ல் வந்த 'தி கோல்டன் பான்ஸ்-நே'. மூக்கில் கிள்ளி நிற்கிற தங்கக் கண்ணாடி ஒன்று கொலை நடந்த இடத்தில் கிடைக்கிறது. கண்ணாடிக்காரி எங்கே போனாள் என்று தெரியவில்லை. வீட்டுக்காரர் கோரம் என்ற வயதான பேராசிரியர், படுக்கையும் சிகரெட்டுமாகக் கிடப்பவர். அலெக்ஸாண்டிரியாவிலிருந்து ஆயிரம் ஆயிரமாகத் தருவிக்கிறார், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை. ஹோம்ஸ் அவர் அறைக்குப் போய் அவருடைய சிகரெட்டையே ஒன்று மாற்றி ஒன்றாகப் பிடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார். வாட்சனுக்கே ஆச்சரியம், இவ்வளவு வேகமாகப் பிடித்து அவர் பார்த்ததில்லை. சாம்பல் எல்லாம் கம்பளத்தில். அசல் கவனக்குறைவான விருந்தாளி. மத்தியானம் திரும்ப வந்து சிகரெட் பெட்டியைக் கைதவறிக் கவிழ்த்துவிட்டு, மண்டி போட்டுப் பொறுக்குகிறார். பொறுக்குகிற சாக்கில் கம்பளத்தைப் பார்க்கிறார். புத்தக அலமாரிக்கு முன்னால் கொட்டிய சாம்பலில் கால்தடம் பதிந்திருக்கிறது. அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒருத்தி வெளியே வந்து போயிருக்கிறாள்.

இந்தக் காட்சியை இரண்டு மூன்று தடவை படித்தேன். அலங்கோலம் இங்கே அலட்சியம் இல்லை, கருவி. சுத்தம் செய்வதுபோல் குனிவது நடிப்பு. கோரம் வீட்டில் சாம்பல் கொட்ட நல்ல ஆஷ்ட்ரே ஒன்றை ஹோம்ஸ் பக்கத்தில் நகர்த்தி வைத்து, அவரும் மரியாதையாக அதில் தட்டியிருந்தால் கதையே கிடையாது. என்னுடைய கிர் ஆஷ்ட்ரேவாக இருந்தால் இன்னும் விசேஷம்.

சாம்பல் சொல்வது யார் என்பதை மட்டுமல்ல, எவ்வளவு என்பதையும்தான். 'தி மேன் வித் தி ட்விஸ்டட் லிப்' (1891) கதையில் ஹோம்ஸும் வாட்சனும் ஒரே அறையில் ராத்தங்குகிறார்கள். ஹோம்ஸ் தலையணைகளை எல்லாம் தரையில் அடுக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்து, முன்னால் ஒரு அவுன்ஸ் ஷாக் புகையிலையும் தீப்பெட்டியும் வைத்துக்கொள்கிறார். இதைவிட எளிமையான ராத்திரி ஏற்பாடு இருக்க முடியாது. காலையில் வாட்சன் முழித்துப் பார்த்தால் அறை முழுக்கப் புகை, குவியலில் ஒரு துணுக்கு மிச்சமில்லை. ஒரு அவுன்ஸ் என்றால் 28 கிராம். இன்றைய ஒரு சிகரெட்டில் சுமார் 0.7 கிராம் புகையிலை என்று வைத்தால் நாற்பது சிகரெட். வாட்சன் கணக்குப் போடவில்லை, ஆனால் போடுவதற்கு வேண்டியது எல்லாம் அவர் கண் முன்னால் இருந்தது. குவியல் இருந்தது, குவியல் இல்லை. 'ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' நாவலிலும் அப்படித்தான். சாயங்காலம் வீடு திரும்புகிற வாட்சன், தீப்பிடித்துவிட்டதோ என்று பதறுகிற அளவுக்குப் புகை. ஒரு டாக்டர் எதிரில் இதைச் செய்கிற ஹோம்ஸ் ஒன்றையும் மறைக்கவில்லை. 1910ல் வந்த 'டெவில்ஸ் ஃபுட்' கதையில் இதை நஞ்சு என்று அவரே ஒப்புக்கொள்கிறார், வாட்சன் கண்டிப்பது நியாயம்தான் என்கிறார். அந்தக் கதையே மூடின அறைக்குள் கணப்பு நெருப்பில் போட்டு எரித்த ஒரு வேர்ப்பொடியின் புகை சீட்டாடிக்கொண்டிருந்தவர்களைச் சாகடித்த கதை, பைத்தியமாக்கின கதை. அதிலும் தடயம் விளக்கின் மேல்மூடியில் ஒட்டின சாம்பல்தான்.

ஒன்றை மட்டும் டாயில் விட்டுவிட்டார். பேக்கர் தெருவில் இதை எல்லாம் கூட்டினது யார்? ஹட்சன் அம்மாள். 'டையிங் டிடெக்டிவ்' (1913) கதையில் அந்த அம்மாளின் பொறுமையைப் பற்றி வாட்சன் சொல்கிறார். ஹோம்ஸ் வாடகையைத் தாராளமாகக் கொடுத்தார் என்றும் சேர்த்துச் சொல்லிச் சமன் செய்துவிடுகிறார். கம்பளத்துச் சாம்பலை யார் பெருக்கினார் என்பதற்கு அந்த 60 கதைகளில் ஒரு காட்சி கிடையாது. அப்பாயி மாதிரி அவரும் எண்ணியிருப்பார் என்றே நினைக்கிறேன். எண்ணினதை வாட்சன் கேட்டு எழுதவில்லை.

பின்னாடி வந்தவர்கள் இந்த வீட்டையே ஒழுங்குபடுத்திவிட்டார்கள். 1951ல் லண்டனில் பிரிட்டன் திருவிழாவுக்காக ஹோம்ஸின் அறையை உண்டாக்கிக் காட்டினார்கள், அது இப்போது நார்த்தம்பர்லாந்து தெருவில் ஒரு மதுக்கடை மாடியில் இருக்கிறது. 1990ல் பேக்கர் தெருவிலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். நான் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். செருப்பு இருக்கிறது, பைப்கள் இருக்கின்றன, எல்லாம் அதது இடத்தில். கதைகளில் வருவது களிமண் பைப், பிரையர் பைப், செர்ரி மர பைப். மேடையில் ஹோம்ஸாக நடித்த வில்லியம் ஜில்லெட் கையிலிருந்துதான் வளைந்த பைப் உலகத்துக்குப் போய், கடைசியில் அதுவே அடையாளச் சின்னமானது. சாம்பலைத்தான் காணோம். பார்வையாளர் வருகிற இடத்தில் அதை எதிர்பார்க்கவும் முடியாது, சரிதான். ஆனால் அந்த அறையில் ஹோம்ஸுக்குத் துப்பறிய ஒன்றும் இல்லை.

இப்போது என் தட்டுக்குத் திரும்புகிறேன்.

நான் ராத்திரிக்கு இரண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டவர்களிடமும் அப்படித்தான் சொன்னேன், டாக்டர் உட்பட. பொய் சொன்னதாக நினைவில்லை. பால்கனிக்குப் போகும்போதெல்லாம் தட்டு சுத்தமாக இருக்கும், ஆஷ்ட்ரே பளபளக்கும், ஆகவே ஒவ்வொன்றும் அன்றைய முதல் சிகரெட் மாதிரியே இருந்தது. தூங்கப் போகுமுன் ஆஷ்ட்ரேயை ஒரு கவரில் கவிழ்த்துக் கட்டி வெளிக்குப்பையில் போட்டுவிடுவேன். உள்ளே பார்த்ததே இல்லை. என் பொண்ணுக்கு இரண்டாவது தடவை வீசிங் வந்தபோது குழந்தை டாக்டர், "வீட்ல யாராவது ஸ்மோக் பண்றாங்களா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர், இவர் பால்கனிலதான்" என்று என் மனைவி சொன்னாள். அந்த டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு ஏதோ எழுதினார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. இவ்வளவு ஒழுங்காக வைத்திருக்கிறேனே என்றுதான் தோன்றியது.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர்தான் கண்டுபிடித்தார். பால்கனிக் கதவை ஒட்டி ஹாலின் உள்பக்கச் சுவரை, சொல்கிறேன் பாருங்கள், உள்பக்கச் சுவரை, ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் துணியை என்னிடம் காட்டினார். டீ டிகாக்‌ஷன் நிறம். "இது தூசி இல்ல சார், சிகரெட் கறை. இதுக்குத் தனியா ப்ரைமர் அடிக்கணும். சும்மா மேல அடிச்சா ரெண்டு மாசத்துல மஞ்சளா கக்கிரும்." அவருக்கு 140 வகை எல்லாம் வேண்டியிருக்கவில்லை, ஒரு துணி போதுமாக இருந்தது. நான் ப்ரைமருக்குச் சரி என்றேன். என் மனைவி துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அன்று ராத்திரி போனில் பொட்டிக்கடைக்குப் பணம் அனுப்பின கணக்கை எடுத்து ஒரு ஷீட்டில் போட்டேன். அந்தக் கடையில் பாக்கெட் தவிர வேறொன்றும் நான் வாங்குவதில்லை. ராத்திரிக்கு இரண்டு என்றால் மாசத்துக்குப் பத்து சிகரெட் பாக்கெட் ஆறு. முந்தின மாசம் 19 இருந்தது. ஆபீஸில் நான் பிடிப்பதில்லை, ஆக 190 சிகரெட்டும் அந்தப் பால்கனியில்தான், ராத்திரிக்கு ஆறுக்கு மேல். தேக்குத் தட்டும் குமிழ் ஆஷ்ட்ரேயும் செய்துகொண்டிருந்த வேலை அதுதான்: லாக்கை உடனுக்குடன் அழித்துக்கொண்டிருந்தன. இந்த மாதிரி ஒரு சிஸ்டத்தை என் டீமில் யாராவது கட்டியிருந்தால் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன்.

சுத்தமாக, எளிமையாக ஒரு ராத்திரி ஏற்பாடு வைத்துக்கொள்வதில் அழகு இல்லை என்று சொல்ல மாட்டேன். டாயிலே ஒன்று எழுதியிருக்கிறார். 'க்ரூக்கட் மேன்' (1893) கதைத் தொடக்கத்தில், கல்யாணமாகிச் சில மாசமான வாட்சன் தன் வீட்டுக் கணப்பருகே அன்றைய கடைசி பைப்போடு, ஒரு நாவலின் மேல் தூங்கி விழுந்துகொண்டிருக்கிறார். மனைவி மாடிக்குப் போயாயிற்று. அமைதியான படம். ஹோம்ஸ் உள்ளே வந்ததும் முதல் வேலையாக வாட்சன் கோட்டில் ஒட்டியிருக்கிற பஞ்சு மாதிரிச் சாம்பலைப் பார்த்து, பிரம்மச்சாரி காலத்து ஆர்கேடியா கலவையை இன்னும் விடவில்லையா என்கிறார். ஒழுங்கான வீட்டிலும் கோட்டு சொல்லிவிட்டது. ஆர்கேடியா கலவை டாயில் உண்டாக்கின பெயர் இல்லை. அவர் நண்பர் ஜே. எம். பாரி 1890ல் எழுதின 'மை லேடி நிக்கோட்டின்' புத்தகத்தில் வருவது. கல்யாணத்துக்காகப் புகையை விட்ட ஒருவனின் நகைச்சுவைப் புத்தகம். கடைசி அத்தியாயத்தில் அவன் மனைவி தூங்கின பிறகு வெறும் பைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, சுவருக்கு அந்தப் பக்கம் முகம் தெரியாத ஒருவர் பைப்பைத் தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். சிரிக்க வைக்க எழுதினது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் விட்டு ஒன்றரை வருஷமாகிறது. எங்க கீழ் வீட்டுக்காரரும் பால்கனிக்காரர்தான், ராத்திரி லைட்டர் சத்தம் தெளிவாகக் கேட்கும். நேற்று நான் விழித்திருந்தவரைக்கும் ஐந்து. பாரியின் அந்தப் புத்தகத்தில் புகைபிடிப்பதற்கென்றே வாங்கின மேஜையைப் பற்றித் தனி அத்தியாயம் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி அடுத்த குறிப்பில் எழுதுகிறேன்.